ஆத்தா கேட்ட கூழ்

வாழையிலைமேல் படுத்திருந்தவளின் உதடு அசைந்தது. நான் விசிறிக்கொண்டிருந்த வேப்பிலைக் கொத்தை நிறுத்திவிட்டுக் குனிந்தேன்.

"துன்னியா?"

எங்கள் பக்கத்தில் 'சாப்பிட்டாயா' என்பதை அப்படித்தான் கேட்போம். ஒரே ஒரு சொல். ஆனால் அது என் மனைவி சரோஜாவின் குரல் இல்லை. பெரியம்மை அவள் தொண்டைக்குள்ளும் முத்து முத்தாகப் போட்டிருந்தது. குரல் கரகரத்து, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கண்கள் இரண்டும் வீங்கி மூடிக் கிடந்தன.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கொத்தைக் கீழே போட்டேன். அந்த மண்தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"தப்பு ஆத்தா! உனக்குப் படைக்காம இனிமே ஒரு பருக்கை துன்ன மாட்டேன் ஆத்தா!"

அவள் மறுபடி உதட்டை அசைத்தாள். நான் அதைக் கேட்க நிற்கவில்லை. எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

என் முட்டாள்தனங்கள் சிலவற்றை இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். சூடு ஆறாத கொதிகலனுக்குள் தலையை விட்டுப் புருவம் பொசுங்கிய கதையைப் படித்துச் சிரித்ததாகச் சிலர் கடிதம் போட்டிருந்தார்கள். இந்த வாரம் எழுதப்போவதும் முட்டாள்தனம்தான், ஆனால் இதைச் சொல்லி யாரையும் சிரிக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முகத்தில் போட்ட கையெழுத்து

அறுபதுகளில் ஒரு கோடை. பழவேற்காட்டுப் பக்கம் தொடங்கி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று பெரியம்மை ஊர் ஊராக நடந்து வந்துகொண்டிருந்தது. ஒரு தெருவில் நாலு வீட்டு வாசலிலாவது வேப்பிலை தொங்கியது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் வாசல் நிலைகளைத்தான் பார்ப்போம்.

நான் அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு அரிசி மில்லில் நெல் அவிக்கும் வேலையில் இருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். எனக்குத் தாய் தகப்பன் இல்லை. சரோஜாவின் அம்மா வீடு ஆந்திர எல்லையை ஒட்டி. அங்கேயும் அவள் தம்பிக்கு அம்மை போட்டிருந்தது. ஆத்தா இருக்கிற வீட்டிலிருந்து கிளம்பி ஆத்தா இருக்கிற இன்னொரு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது எங்களிடம் ஒரு கட்டு. மாமியார் வர முடியாது. ஆக, பார்த்துக்கொள்ள மிஞ்சியது நான் ஒருவன்.

எனக்குப் பயம் இல்லை என்று பெருமையடிக்க மாட்டேன். எனக்கு வராது என்று தெரியும், அவ்வளவுதான். ஆறு வயதிலேயே ஆத்தா என்னிடம் வந்து, முகம் நிறையக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். சரோஜாவைப் பெண் பார்க்கப் போனபோது அவளுடைய பெரியப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பையனுக்கு ஒரு தபா வந்துட்டுது, இனிமே பேஜாரு இல்ல" என்று அதையே ஒரு தகுதியாகச் சொல்லித்தான் சம்பந்தம் முடித்தார்.

மில்லில் சொன்னவுடனே, "மூணு தண்ணி ஊத்தி முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மை இறங்கிய பிறகு மூன்று முறை தலைக்கு ஊற்றும் தண்ணீரைத்தான் சொல்கிறேன். அதற்கு மூன்று வாரம் ஆகும்.

செய்யக் கூடாதவை

ஆத்தா வந்த வீட்டில் என்ன செய்யக் கூடாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தாளிக்கக் கூடாது. எண்ணெய் கூடாது. செருப்புப் போடக் கூடாது. தலை வாரக் கூடாது, சவரம் கூடாது. வீட்டுக்குள் அழக் கூடாது. அழுதால் ஆத்தாவுக்குக் கோபம் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே, படுத்திருப்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பச்சைக் குழந்தையாக இருந்தாலும் அது அப்போது ஆத்தாதான். அது கேட்டால் ஆத்தா கேட்டது, அது சிணுங்கினால் ஆத்தா சிணுங்கினது.

ஆகவே நான் சரோஜா என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளை விட்டால் பேச ஆள் இல்லை, அவளோடும் பேச முடியாது. கும்பிடத்தான் முடியும். "மோர் குடி ஆத்தா", "இந்தப் பக்கம் திரும்பு ஆத்தா", "பொறுத்துக்க ஆத்தா". இரண்டு வருஷமாக ஒரே தட்டில் சோறு தின்ற பெண்ணிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அம்மையைவிட எனக்குப் பெரிய தொல்லை ஈ. நல்ல வெயில் காலம். விசிறுவதை நிறுத்தினால் போதும், முத்துமேல் வந்து மொய்க்கும். உலை வைக்கலாம் என்று அடுப்பங்கரைக்குப் போவேன், பாதி விறகை நுழைப்பதற்குள் அங்கே அவள் முனகுவாள். ஓடிவந்து விசிறுவேன். அடுப்பு அணைந்துவிடும். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அடுப்பு பற்ற வைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். தண்ணீரில் ஒரு பிடி அரிசியை ஊறப்போட்டு மென்றேன். அப்புறம் அதுவும் மறந்துபோனது.

பசி என்பது இரண்டு நாள் வரை தொந்தரவு செய்யும், பிறகு அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எதிர்ச்சாரியும் இந்தச் சாரியும்

எதிர் வீட்டில் பாக்கியம் அக்கா. உறவில்லை, ஆனால் உறவைவிட மேல். தினமும் காலையில் மில் சங்கு ஊதியதும் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுக்கும்.

"தம்பி! ஆத்தா எப்டிகீறா?"

"முத்து கெளம்பிக்கினே கீது அக்கா!"

"மோரு வெச்சிகீறேன், இளநி வெச்சிகீறேன். ஆத்தாவ வுட்டு நவராத!"

தெரு நடுவில் ஒரு மைல்கல் பாதி புதைந்து கிடந்தது. அதன்மேல் மோரும் இளநீரும் கேழ்வரகுக் கூழும் வைத்துவிட்டு அக்கா உள்ளே போய்விடும். அக்காவின் கதவு சாத்திய பிறகு நான் போய் எடுத்து வருவேன். அத்தனையும் ஆத்தாவுக்கு வந்தது. ஆத்தாவுக்கு வந்ததில் கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவள் குடித்து மிஞ்சியதை எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் ஊற்றினேன்.

அக்காவைக் குறை சொல்லவில்லை. அந்த மோர் இல்லாவிட்டால் சரோஜா பிழைத்திருக்க மாட்டாள். ஆனால் அக்கா ஒரு நாள்கூட "நீ எப்டிகீற" என்று கேட்கவில்லை. அக்காவுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

ஒரு தடவை சுகாதாரத் துறையிலிருந்து ஒரு இளைஞர் சைக்கிளில் வந்தார். மூக்கில் கைக்குட்டை. வாசலுக்கு ஐந்து கஜம் தள்ளி நின்று கேட்டார்.

"வீட்டுல எத்தனை பேருப்பா?"

"ரெண்டு பேர் சார்."

"எத்தனை பேருக்குப் போட்டிருக்கு?"

"ஒருத்தருக்கு."

எழுதிக்கொண்டார். மிச்சம் இருக்கிற ஒருவனைப் பற்றிக் கேட்க அந்த நோட்டில் இடம் இல்லை போலிருக்கிறது. முன்னால் வந்து சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு குறி போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார். இன்னும் கொஞ்ச நேரம் நின்று எதையாவது கேட்டுக்கொண்டிருக்க மாட்டாரா என்று எனக்கு இருந்தது. தெரு முனை திரும்பும் வரை அவர் சைக்கிளின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் நான் தவித்தது சாவுக்குப் பயந்து அல்ல. மனிதக் குரலுக்காக. பகலில் கூடூர் போகும் பாசஞ்சர் வண்டி தடதடவென்று போகும். அதில் யாரோ முகம் தெரியாதவர்கள் வம்பளந்துகொண்டு போகிறார்கள் என்று நினைப்பேன். உடனே எழுந்து கொல்லைப்புறம் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வேன். வீட்டுக்குள் அழக் கூடாதே.

தெருவே தின்றது

அப்படி இருக்கும்போதுதான் ஒன்பதாம் நாள் அந்தக் கேள்வி வந்தது. "துன்னியா?"

நான் வாசலுக்கு ஓடினேன் என்றேன் அல்லவா? ஓடிப்போய்த் தெருவைப் பார்த்துக் கத்தினேன்.

"அக்கா! ஆத்தா வாய் தொறந்து கேட்டுட்டா! எனக்குப் படைக்காம நீ துன்னியான்னு கேட்டுட்டா!"

கவனியுங்கள். அவள் கேட்டது ஒரு சொல். வாசலுக்கு வருவதற்குள் நான் அதை ஒரு வாக்கியமாக்கிவிட்டேன்.

பாக்கியம் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டது. பத்து நிமிஷத்தில் தெரு முழுக்கச் செய்தி. அன்று பிற்பகலுக்குள் வீட்டுக்கு வீடு கேழ்வரகு சேர்ந்தது. எங்கள் வேப்பமரத்துக்கு எதிர்ச்சாரியில் மூன்று கல் கூட்டி, பெரிய அண்டாவில் கூழ் காய்ச்சினார்கள். பச்சை வெங்காயம், முருங்கைக்கீரை. மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, கற்பூரம் ஏற்றி, கூழை ஊற்றினார்கள். பிறகு சின்னவர் பெரியவர் எல்லோரும் சொம்பு சொம்பாக வாங்கிக் குடித்தார்கள். கூழின் மணம் என் வீட்டுக்குள் வந்து நிறைந்தது.

எனக்கும் ஒரு கலயம் அந்த மைல்கல்மேல் வைத்தார்கள். அதை ஆத்தாவின் தலைமாட்டில் வைத்துக் கும்பிட்டேன். நான் தொடவில்லை. படைக்காமல் அரிசி மென்று இத்தனை பெரிய தப்பு செய்தவன் அன்றே எப்படிக் குடிப்பது? மூன்று தண்ணி ஊற்றும் வரை ஒரு வேளைக்கு ஒரு கை ஊறின அரிசிதான் என்று மரத்தடியில் சபதம் செய்துகொண்டேன்.

அன்று அந்தத் தெருவில் கூழ் குடிக்காத ஆள் நான் ஒருவன்தான்.

கலயம் வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் வழிந்தது. ஆத்தா மனம் குளிர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பேர் வாங்கிய கதை

சரோஜா பிழைத்தாள். முத்து இறங்கிற்று, பொருக்கு உதிர்ந்தது, மூன்று தண்ணியும் ஊற்றினோம். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகத்தில் என்னைப் போலவே குழி விழுந்திருந்தது. கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்பதான் ஜோடிப் பொருத்தம்" என்றாள். நான் எலும்பும் தோலுமாக இருந்தேன். தண்ணி ஊற்ற வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, இப்டி எளச்சிட்ட? ஆத்தாவுக்கு வெரதமா? நல்லது நல்லது" என்றார்கள்.

அந்த ஆடியில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு பெரியபாளையத்து ஆத்தா கோயிலுக்குப் போனோம். சரோஜா வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வந்தாள். வழி நெடுக வண்டியில் நான்தான் பேச்சு. ஆத்தா என்னிடம் எப்படிக் கேட்டாள், எந்தக் குரலில் கேட்டாள், என் மயிர் எப்படிக் கூச்செறிந்தது. வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஆத்தாவே 'துன்னியா'ன்னா கேட்டா?"

"பின்ன? நம்ம ஆத்தா நம்ம பாஷையிலதான கேப்பா?"

சரோஜா வண்டிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்த வேப்பமரத்தடியில் கூழ். அதற்கு 'ஆத்தா கேட்ட கூழ்' என்றே பேராகிவிட்டது. பக்கத்துத் தெருக்காரர்களும் வந்தார்கள். கூழ் ஊற்றுவதற்கு முன்னால் நான் எழுந்து கதை சொல்ல வேண்டும். நன்றாகத்தான் சொல்வேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கதையில் மின்னல் வந்தது, சலங்கைச் சத்தம் வந்தது. ஒவ்வொரு வருஷமும் நான் கதையைத் தொடங்கும்போது சரோஜா அண்டாவைக் கிளறப் போய்விடுவாள். சிரத்தையான பெண் என்று நினைத்துக்கொள்வேன்.

மறுபடி ஒரு வாசல்

எழுபதுகளின் பின்பாதி. ஊரைச் சுற்றிப் புன்செய் நிலமெல்லாம் தொழிற்பேட்டையாகிக்கொண்டிருந்தது. மில்லை விட்டுவிட்டு நான் ஒரு கம்பித் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று சுவரில் எழுதிப் போட்டிருந்த காலம். சின்னம்மை மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது.

என்னோடு வேலை செய்த தேவராஜுக்கு அது போட்டிருந்தது. வளர்ந்த ஆளுக்கு வந்தால் சின்னம்மையும் போட்டு வாட்டிவிடும். வீட்டில் அவனும் அவன் மனைவி எஸ்தரும்தான். கிறிஸ்தவக் குடும்பம். ஆனாலும் வாசலில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே வேப்பிலை செருகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் சரோஜாவும் நாலு இளநீரோடு போய் வாசலுக்கு வெளியே நின்றோம்.

எஸ்தர் வந்தாள். இருபது வயது இருக்கும். தலை சிக்குப் பிடித்திருந்தது. கையில் வேப்பிலைக் கொத்து.

நான் வழக்கம்போலக் கேட்டேன். "ஆத்தா எப்டிம்மா கீறா?"

"எறங்கிக்கினு கீது நைனா" என்றாள்.

அப்போது என் பக்கத்தில் நின்ற சரோஜா கேட்டாள்:

"துன்னியா?"

எஸ்தர் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முகம் கோணிக்கொண்டு போயிற்று. கொத்தால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அழு. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றாள் சரோஜா. எந்தக் கட்டுப்பாட்டையும் பார்க்காமல் படியேறிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எப்ப துன்ன?"

"நேத்து… இல்லக்கா, முந்தாநேத்து."

சரோஜா அவள் கையிலிருந்த கொத்தை வாங்கி என்னிடம் நீட்டினாள். "போ மாமா. உள்ள போய் ஈ ஓட்டு. நான் இவளுக்கு ஒல வெக்கிறேன்."

நான் உள்ளே போய் தேவராஜுக்கு விசிறினேன். என் கை மட்டும்தான் விசிறிற்று. அந்த ஒரு சொல் காதுக்குள் நின்றுவிட்டது. அதே இழுப்பு. அதே இடத்தில் குரல் தணிகிறது. கரகரப்பு மட்டும்தான் இல்லை. பன்னிரண்டு வருஷமாக மின்னலும் சலங்கையும் போட்டு நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த குரல் அடுப்பங்கரையில் எஸ்தரிடம், "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த வழி

தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் வீட்டுக்கு நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன்.

"அன்னிக்கி… நீயா கேட்ட?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"பின்ன யாரு?" என்றாள். "எதிரூட்டு அக்காலேர்ந்து சைக்கிள்காரன் வரைக்கும் அல்லாரும் என்னியதான் கேட்டுக்கினு இருந்தாங்க. ஒன்ன ஒருத்தரும் கேக்கல. வாய தொறக்க முடியாம தொறந்து கேட்டேன். நீ வுழுந்து கும்புட்டுட்டு ஓடிட்ட."

"அப்பறம் இன்னாவோ சொல்ல வந்தியே?"

"பயப்படாத, நான்தான்னு சொல்ல வந்தேன். நீ எங்க நின்ன?"

"இத்தினி வருசமா ஏன் சொல்லல?"

"ஊரே கூழு ஊத்திக்கினு கீது. நீயும் எயுந்து நின்னு அவ்ளோ சந்தோசமா சொல்லிக்கினு கீற. ஆத்தா கேட்டாத்தான் அது பெருமை. நான் கேட்டா இன்னா பெருமை?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, வலித்தது. அந்த இருபத்தொரு நாளும் ஒரு மனிதக் குரலுக்கு ஏங்கிச் செத்தேன் என்று மேலே எழுதினேன். அது வந்திருக்கிறது. சாகக் கிடந்தவள் தன் வலியை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைக் கேட்டிருக்கிறாள். அதற்குப் பதில் சொல்லாமல் அவளைத் தனியாக விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். அன்று மூடிய கண்ணின் ஓரத்தில் வழிந்த நீர் ஞாபகம் வந்தது.

இன்றும் அந்த மரத்தடியில் கூழ் ஊற்றுகிறார்கள். அந்த வருஷத்திலிருந்து நான் எழுந்து கதை சொல்வதில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். காரணத்தை எழுதுவது இதுதான் முதல் தடவை.

அன்று தண்டவாளத்துப் பக்கத்தில் நான் நின்றுவிட்டேன். அவள் நாலடி போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"சரோஜா" என்றேன். "துன்னல. மூணு நாளா ஒண்ணுமே துன்னல."

அவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "ஒன் வவுறு கத்தினது எனக்குக் கேட்டுக்கினேதான் இருந்துச்சி. கண்ணுதான மூடிக்கினு இருந்துச்சி மாமா, காது இல்லியே."